அரை மணி நேர எச்சரிக்கை: சூரியப் புயலில் யாருக்கு என்ன பாதுகாப்பு?

1989 மார்ச் 13, பின்னிரவு 2.44 மணி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்கட்டமைப்பு சரியத் தொடங்கியது. ஒன்றரை நிமிடத்துக்குள் மாகாணமே இருண்டது. சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள். சூரியனிலிருந்து வந்த புயல் பூமியின் காந்தப்புலத்தை உலுக்க, அதனால் நிலத்தில் எழுந்த மின்னோட்டம் மின்பாதைகளுக்குள் ஏறிவிட்டது.

அந்தப் புயல் பூமியைத் தொடுமுன் கடந்து வந்த கடைசி வாசல், பலரும் கேள்விப்படாத ஓர் இடம். விநாடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வீசும் சூரியக் காற்று, பாலத்தூணில் மோதும் ஆற்று வெள்ளம்போலப் பூமியின் காந்தப்புலத்தில் மோதித் திமிறுகிறது. நம் பகல் பக்கத்தில் ஏறத்தாழ 90,000 கி.மீ. தொலைவில் அந்த மோதல் முகப்பு. 65,000 கி.மீ. அளவில், பூமியின் காந்தப்புலம் ஆளும் பகுதியான காந்தக்கோளத்தின் எல்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள பகுதிதான் காந்த உறை. இங்கே சூரியக் காற்றின் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்கள், வேகம் குறைந்து, சூடேறி, அடர்ந்து, ஓயாமல் கொந்தளிக்கிறது.

சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருந்தால் அது பூமியின் புலத்தோடு அறுந்து இணைந்து (இதுவே மறுஇணைப்பு), ஆற்றல் உள்ளே வர வழி திறக்கிறது. காந்த உறையின் கொந்தளிப்போ அந்தத் திசையை இடத்துக்கு இடம் முறுக்கிவிடுகிறது. 2015-இல் நாசா ஏவிய எம்எம்எஸ் திட்டத்தின் 4 விண்கலங்கள் சில கி.மீ. இடைவெளியில் சேர்ந்து பறந்து இதை அளக்கின்றன. எலெக்ட்ரான்கள் மட்டுமே பங்கெடுக்கும் புதுவகை மறுஇணைப்பு இந்தக் கொந்தளிப்புக்குள் நடப்பதை அவை காட்டின. முடிவுகள் 2018-இல் வெளியாயின.

புயலை எதிர்பார்த்து நிற்கும் காவல் கலங்கள் பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள எல்-1 புள்ளியில் இருக்கின்றன. 2024 ஜனவரியில் இந்தியாவின் ஆதித்யா-எல்1 அங்கே சேர்ந்தது. சூரிய வெடிப்பைப் பார்த்து ஓரிரு நாள் முன்பே பொதுவான எச்சரிக்கை தர முடியும். ஆனால் காந்தப்புலம் எத்திசையில் வருகிறது என்பது எல்-1-இல்தான் உறுதியாகத் தெரியும். அதற்குப்பின் மிஞ்சுவது 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரைதான். அங்கே அளந்த காற்று காந்த உறையைத் தாண்டும்போது மாறியும் போகலாம். ஆகவே ஏற்பாடுகள் எச்சரிக்கைக்கு வெகு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சிறு புயல்கூட இழப்பு தரும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 வீணாயின. மிதமானதொரு புயல் மேல்வளிமண்டலத்தைச் சூடாக்கி விரித்ததில், உராய்வு கூடி அவை கீழே இறங்கிவிட்டன. 2024 மே 10-இல் வந்ததோ 2003-க்குப்பின் முதல் ஜி-5, அதாவது உச்ச நிலைப் புயல். அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியில் விதைப்பு மும்முரமாக இருந்த நேரம். டிராக்டரை வழிநடத்தும் ஜிபிஎஸ் பிசகியதால் பல விவசாயிகள் வேலையை நிறுத்தினார்கள். சில அங்குலம் தவறினாலும் பிறகு உரமிடும்போதும் களையெடுக்கும்போதும் வரிசை பொருந்தாது.

1989 மின்வெட்டுக்குப்பின் கியூபெக் மின் நிறுவனம் தன் உயர் அழுத்தப் பாதைகளில் தொடர் மின்தேக்கிகளைப் பொருத்தி, நிலத்து மின்னோட்டம் ஏறாமல் தடுத்தது. அமெரிக்காவில் 2013-இல் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இட்ட உத்தரவைத் தொடர்ந்து விதிமுறைகள் வந்தன. பெரும் மின்கட்டமைப்பை நடத்துவோர் கடும் புயலைத் தங்கள் கருவிகள் தாங்குமா என்று ஆராய்ந்து, குறையிருந்தால் சரிசெய்யும் திட்டம் தர வேண்டும். 2020-இல் அந்நாடு இயற்றிய பிராஸ்விஃப்ட் சட்டம், விண்வெளி வானிலையைக் கண்காணிப்பதில் எந்தத் துறைக்கு எந்தப் பொறுப்பு என்று வகுத்தது.

விமானப் பயணிகளுக்கு உள்ள உரிமை ஐரோப்பாவில் தெளிவு. சூரியப் புயலால் விமானம் ரத்தானால், அசாதாரணச் சூழல் என்று காட்டி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். உணவு, தங்குமிடம், கட்டணம் திரும்பப் பெறுதல் அல்லது மாற்று விமானம் ஆகியவற்றை மறுக்க முடியாது. 2010-இன் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வழக்கில் உணவும் தங்குமிடமும் தரும் கடமையை ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் உறுதி செய்தது. விமானப் பணியாளருக்கு அங்கே வேறொரு காப்பும் உண்டு: ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் விண்வெளிக் கதிர்வீச்சு படக்கூடும் என்றால் நிறுவனம் அதைக் கணக்கிட்டு, பணி அட்டவணையை அதற்கேற்ப அமைத்து, ஆபத்தைப் பணியாளரிடம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் விண்வெளி வானிலை மையம் எச்சரிக்கைகளை ஜி-1 முதல் ஜி-5 வரை தரம் பிரித்து இலவசமாக வெளியிடுகிறது. ஜி-4 அல்லது அதற்கு மேல் என்றால், துல்லிய ஜிபிஎஸ்ஸை நம்பிச் செய்யும் விதைப்பையும் நில அளவையையும் தள்ளிப்போடலாம். மின்சாரம் போனாலும் நிற்கக்கூடாத மருத்துவக் கருவி வீட்டில் இருப்பவர்கள் பேட்டரியை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டு, மின் வாரியத்தில் முன்னுரிமைப் பட்டியல் உண்டா, அதில் பெயர் இருக்கிறதா என்று புயல் இல்லாத நாளிலேயே கேட்டுவைக்கலாம்.