சிறுத்த வயிறும் பெருத்த உபசாரமும்

நான் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் என்னைக் காணும் சங்க அன்பர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். "எப்படி சார் இவ்வளவு இளைத்தீர்கள்?" என்பது ஒன்று. "எதைக் கொடுத்தாலும் ஒரு வாயோடு வைத்துவிடுகிறீர்களே, ஏன்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். நம் குடும்பங்களிலும் இந்த அறுவையைச் செய்துகொண்டவர்களும், செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்கும், முக்கியமாக அவர்களுக்குப் பரிமாறுகிறவர்களுக்கும் இது பயன்படட்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

பெரும்பாலும் செய்யப்படும் முறைகள் இரண்டு. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி ஒரு வாழைப்பழம் போன்ற குழாயாக நிற்கிறது. எனக்குச் செய்தது இதுதான். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியை ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இதன் முன்னோடி முறையை 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தார்.

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன், ஸ்லீவ் முறையில் வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது. ஆகவே முதல் சில மாதங்களுக்குப் பசியே தெரியாது. இதைக் கேட்டுப் பலர் "கொடுத்து வைத்தவர்" என்பார்கள். அப்படியல்ல. பசி வந்து அழைக்காததால், கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

காஷன் ஆர்டர்

நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்தவன். பாதைக்கு அடியிலுள்ள ஜல்லியை முழுவதும் அள்ளிச் சலித்துப் போட்ட பிறகு, முதல் வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர், ஜல்லி இறுக இறுக 45, பிறகு 75, அதன் பிறகே வழக்கமான வேகம். டிரைவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் இந்த வரிசை மாறாது.

வயிற்றுக்கும் இதே சட்டம். முதல் ஓரிரு நாள் தண்ணீரும் தெளிந்த நீராகாரமும் மட்டும், அதுவும் மடக்கு மடக்காக. இரண்டு வாரம் வரை மோர், பால், காரமில்லாத வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர், புரதப் பொடி. மூன்றாம், நான்காம் வாரங்களில் கடைந்த பருப்பு, மசித்த காய், தயிர். பிறகு வேகவைத்த முட்டை, மீன், பனீர் போன்ற மெதுவான பண்டங்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துத்தான் வீட்டுச் சாப்பாடு. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு சற்று மாறும், வரிசை மாறாது. உள்ளே தைத்த இடம் ஆறுவதற்கான அவகாசம் இது. "ஒரு வாய்ச் சோறு என்ன செய்துவிடும்?" என்று யாரும் ஊட்டிவிடக் கூடாது.

இலையின் வரிசை மாறுகிறது

நம் இலையில் சோறுதான் தலைவன். குழம்பு, ரசம், மோர் எல்லாம் அவனுடைய பரிவாரம். இனி அந்த வரிசை செல்லாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு கப் சோற்றில் கிடைப்பது சுமார் 4 கிராம்தான். அதை முதலில் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும்; வேறெதற்கும் இடமில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், அதே அளவு பனீரில் சுமார் 18 கிராம் புரதம் உண்டு. எனவே முதலில் புரதம், அடுத்து காய், இடமிருந்தால் கடைசியில் இரண்டு கரண்டி சோறு. புரதம் போதாவிட்டால் எடையோடு தசையும் கரையும்.

இரண்டாவது விதி தண்ணீர். நாளுக்கு ஒன்றரை லிட்டர் அவசியம். ஆனால் சாப்பாட்டோடு கூடாது. சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான் குடிக்க வேண்டும். மூன்றாவது விதி மெல்லுதல். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்று, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது, முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுக்குள் அழுத்தமோ விக்கலோ வந்தால், கையிலுள்ள கவளத்தையும் கீழே வைத்துவிட வேண்டும். எனக்கு ஆறு மாதம் வரை சப்பாத்தியும் கெட்டியாகப் பிசைந்த சோறும் இறங்கவில்லை. மொறுமொறுப்பான தோசை சிரமமில்லாமல் இறங்கியது.

பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு தனித் தொல்லை. சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்குவதால், சிறிது நேரத்திலேயே படபடப்பு, வியர்வை, வயிற்று வலி வரலாம். ஓரிரு மணி கழித்து இரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கம் வருவதும் உண்டு. அவர்கள் ஜிலேபியை மறுப்பது பிகு அல்ல.

பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் மருத்துவர் சொன்னபடி எடுக்க வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி தேவை. வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் கைவைத்தியம் பார்க்க வேண்டாம். வைட்டமின் பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓர் ஆண்டுக்குப் பிறகு பசி மெல்லத் திரும்பும். முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம் சிறிய வயிற்றிலும் சுலபமாக இறங்கும். நாள் முழுவதும் கொறித்தால் எடையும் திரும்பும்.

பரிமாறும் கை

இவ்வளவையும் ஓர் ஆண்டில் பழகிவிடலாம். கஷ்டமானது வேறொன்று. என் மனைவி, "போதும்" என்ற சொல்லைத் தன் சமையலின் குறையாகவே நாற்பது ஆண்டுகள் கேட்டுப் பழகியவர். நான் மூன்று கரண்டியோடு நிறுத்தும்போதெல்லாம் "உப்பு சரியில்லையா?" என்பார். காரணம் தெரிந்தும் கேட்பார். பிறகு வற்றல் குழம்பு வைப்பதையே நிறுத்திவிட்டார். தனக்கு மட்டும் ஏதோ ஒன்றைக் கலந்து, அடுக்களையில் நின்றபடியே சாப்பிடத் தொடங்கினார். அறுவை நடந்தது என் வயிற்றில். சாப்பாட்டை இழந்தது அவர்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். எனக்கு ஒரு சிறு கிண்ணம், அவருக்கு வழக்கமான தட்டு. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அரைமணி நேரம் சாப்பிடுவது. நான் மென்று முடிப்பதற்குள் அவர் வற்றல் குழம்பு, ரசம், மோர் என்று மூன்றையும் நிதானமாகச் சாப்பிட்டு எழுந்திருப்பார். பேசிக்கொண்டே சாப்பிடுவதும் இப்போதுதான் வாய்த்திருக்கிறது. பணியில் இருந்த காலத்தில் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியவன்.

வெளியிடங்களில் இது இன்னும் கடினம். இங்கே நாக்பூரில் நம் மராத்திய நண்பர்கள், விருந்தாளியை வற்புறுத்தி உண்ண வைப்பதை 'ஆக்ரஹ்' என்று பெருமையாகச் சொல்வார்கள். நாமும் அதில் குறைந்தவர்கள் அல்ல. ஊரில் சம்பந்தி வீட்டுப் பந்தியில் இலையில் மிச்சம் வைத்தால் மனஸ்தாபம். இதற்குப் பயந்தே விசேஷங்களுக்குப் போகாமல் ஒதுங்கிவிடலாமா என்று தோன்றும். அப்படி ஒதுங்கிக்கொண்ட ஒருவரை நான் அறிவேன். உடம்பு இளைத்து, கூடவே மனிதர்களும் குறைந்துபோவது நல்லதல்ல. இப்போது நான் போவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். இலைக்குப் பதில் சிறு தட்டு கேட்டு வாங்கி, ஒரே பண்டத்தைப் போட்டுக்கொண்டு, பந்தி முடியும் வரை எல்லோரோடும் உட்கார்ந்திருக்கிறேன்.

பரிமாறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருமுறை கேளுங்கள், வேண்டாம் என்றால் மறுமுறை கேட்காதீர்கள். "சுகர் வந்து இளைத்தீர்களா?" என்று பந்தி நடுவே விசாரிக்காதீர்கள். ஆனால் அழைக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சங்கச் செயற்குழுவுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த பொங்கல் விழா விருந்தில், ஓரமாக ஒரு மேசையில் சிறு கிண்ணங்களும், நன்றாக வெந்த சுண்டலும், தயிரும் வைத்தால் போதும். என்னைப் போன்றவர்களுக்கு மட்டுமல்ல, சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் அது உதவும். பரிமாற ஆள் வேண்டுமென்றால் நான் வந்து நிற்கிறேன்.