ஒரே இலை, இரண்டு நிறம்

பிள்ளைகளே, வினாயகபுரத்தில் ஏதாவது ஒரு தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ வாங்கி, கிளாசை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல சிவப்பு. ஜப்பானில் கனசாவா என்ற நகரத்திலே 'ஷிமா' என்று ஒரு பழைய வீடு இருக்கிறது. அங்கே போகிறவர்கள் காசு கட்டி வாங்கிக் குடிக்கும் தேநீரோ கீரை அரைத்துக் கரைத்த மாதிரிப் பச்சையாக, மேலே நுரையோடு இருக்கும். இரண்டும் ஒரே இனச் செடியின் இலைதான்!

அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1820இல் மரத்தால் கட்டிய மாடிவீடு அது. தேநீர் இல்லம் என்றுதான் பெயர். ஆனால் அந்தக் காலத்துப் பணக்கார விருந்தாளிகள் அங்கே வந்தது கெய்ஷாக்களின் ஆட்டம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும்தான். கெய்ஷா என்றால் நடனம், பாட்டு, ஷாமிசென் என்ற மூன்று நரம்பு வாத்தியம் எல்லாவற்றையும் வருடக்கணக்காகப் படித்துத் தேறிய கலைஞர். கனசாவாவில் இன்றும் அவர்கள் இருக்கிறார்கள். ஷிமா வீடு மட்டும் நூதனசாலையாகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இது எங்களுக்குப் புதிதில்லை. மாடியில் பாய் விரித்த விருந்தறைகள். கீழே அடுக்களையும் கிணறும். கிணறு வீட்டுக்குள்ளேயே! என்னைக் கேட்டால், மாடியைவிட அந்த அடுக்களைப் பக்கத்தைத்தான் ஆறுதலாகப் பார்க்கவேண்டும்.

சரி, நிறம் ஏன் மாறியது? அதற்கு உங்கள் வீட்டு அடுக்களைக்கு வாருங்கள். அம்மா கத்தரிக்காய் வெட்டினால் உடனே தண்ணீரில் போடுவார். போடாவிட்டால் கறுத்துவிடும். காயின் கலங்களுக்குள் பொலிபீனோல் என்ற பொருள்கள் ஓரிடத்திலும், ஒரு நொதியம் வேறோரிடத்திலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. கத்தி பட்டுக் கலம் உடைந்ததும் இரண்டும் கலந்துவிடும். காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தால் ஒட்சியேற்றம் நடந்து நிறம் கறுக்கும்.

தேயிலைக்குள்ளும் இதே கதைதான். எங்கள் மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் கறுப்புத் தேயிலை செய்யும்போது, பறித்த கொழுந்தை முதலில் பல மணித்தியாலம் பரப்பி வாடவிடுவார்கள். பிறகு இயந்திரத்தில் போட்டு உருட்டிக் கசக்குவார்கள். கலங்கள் வேண்டுமென்றே உடைக்கப்படுகின்றன. நொதியம் வேலையைத் தொடங்க, பச்சை இலை செம்பு நிறமாகும். தியாபிளேவின், தியாருபிஜின் என்ற புதிய பொருள்கள் அப்போதுதான் உண்டாகின்றன. பிளேன்டீயின் சிவப்பு அவற்றின் நிறம். போதுமான அளவு நிறம் வந்ததும் சூடான காற்றில் காயவைத்து நொதியத்தை நிறுத்திவிடுவார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலத்திலிருந்து இந்த நாடு பெயர் வாங்கியது இந்தச் சிவப்பால்தான். அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் கைகள். அவர்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் கிள்ளுகிறார்கள்.

ஜப்பானியர் செய்வது நேர் எதிர். பறித்த கையோடு இலையை நீராவியில் காட்டுவார்கள். சில விநாடிதான். அந்தச் சூட்டில் நொதியம் செயலிழந்துவிடும். பிறகு எப்படி நிறம் மாறும்? பச்சை பச்சையாகவே நின்றுவிடுகிறது.

ஷிமா வீட்டில் கிடைக்கும் அந்தப் பச்சைத் தேநீருக்கு 'மச்சா' என்று பெயர். அதற்கு இன்னுமொரு வேலை இருக்கிறது. பறிப்பதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்பே செடிகளுக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். வெளிச்சம் குறைந்ததும் செடி என்ன செய்யும்? கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். இலை கடும்பச்சையாகும். இன்னொன்றும் நடக்கிறது. இலையிலுள்ள தியனைன் என்ற அமினோ அமிலம் வெயில் பட்டால் துவர்ப்பான பொருள்களாக மாறும். நிழலில் அது அவ்வளவாக மாறாததால் துவர்ப்புக் குறைந்து சுவை கூடும். காய்ந்த இலையைக் கல் திருகையில் மெதுவாக அரைப்பார்கள். ஒரு மணித்தியாலம் அரைத்தால் ஏறத்தாழ 40 கிராம் தூள்தான் கிடைக்கும். அவசரப்பட்டு வேகமாகச் சுற்றினால் கல் சூடாகி வாசம் கெட்டுவிடும். நாங்கள் சாயத்தை வடித்துவிட்டுச் சக்கையைக் கொட்டுகிறோம்; மச்சாவில் வடிகட்டலே இல்லை. தூளைச் சுடுதண்ணீரில் போட்டு மூங்கில் கடைகோலால் நுரைக்க அடித்து, இலை முழுவதையும் குடித்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் முறை. பெரியவர் ஒருவரிடம் கேட்டு, சீனி போடாத பிளேன்டீயை மூன்று கிளாசில் ஊற்றி ஆறவிடுங்கள். ஒன்றில் தேசிக்காய் பிழியுங்கள். சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். இன்னொன்றில் கொஞ்சம் அப்பச்சோடா போடுங்கள், கறுக்கும். மூன்றாவதை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே வையுங்கள். தியாருபிஜின் அமிலத்தில் வெளிறும், காரத்தில் கருமையாகும். சோடா போட்டதைக் குடிக்கவேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணீர் சோடா போடாமலே கறுத்துப்போனால், அந்தத் தண்ணீரில் இரும்பு இருக்கக்கூடும். இரும்பும் தேயிலைப் பொலிபீனோலும் சேர்ந்தால் கருநிறம் வரும். உங்கள் வீட்டுக் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு, பக்கத்து வீட்டுக் கிணறு மூன்றிலும் தண்ணீர் எடுத்துப் பார்த்து, எது எவ்வளவு கறுத்தது என்று விஞ்ஞானக் கொப்பியில் எழுதிக்கொண்டுபோய் ஆசிரியரிடம் காட்டுங்கள்.