டர்பன் ‘கோவெண்டர்’ திண்டுக்கல் கவுண்டருக்குச் சொந்தமா? ஆவணங்களில் உறவைத் தேடுவது எப்படி?

“என் குடும்பப் பெயர் கோவெண்டர். எங்கள் முன்னோர் மதுரா ஜில்லாவில் இருந்து கப்பலேறி வந்தவர்கள். நீங்கள் எங்கள் சொந்தமா?”

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இருந்து இப்படி ஒரு மெசேஜ், வேடசந்தூரிலோ ஒட்டன்சத்திரத்திலோ இருக்கிற ஒரு கவுண்டர் வீட்டு செல்போனுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன பதில் சொல்வது? ‘ஆமாங்க, வாங்க’ என்று சொல்லிவிடலாமா?

சொல்லக் கூடாது. பெயர் ஒன்றாக இருப்பது உறவுக்கு ஆதாரமே இல்லை. ஆனால் உறவு இருக்கிறதா, இல்லையா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதற்கான ஆவணங்களில் சில டர்பனில் உள்ளன. சில நம்ம ஊர் பத்திரப் பதிவு அலுவலகத்திலேயே கிடக்கின்றன.

ஒரே குடும்பப் பெயர்னா ஒரே குடும்பமா?

இங்கிலாந்தில் ஓரளவுக்கு ‘ஆமாம்’ எனலாம். அங்கே குடும்பப் பெயர் பல நூற்றாண்டுகளாக அப்பாவிடம் இருந்து பிள்ளைக்கு மாறாமல் வருகிறது. ஒரே பெயர் கொண்ட எல்லோரையும் தேடிப் பட்டியல் போடுவதற்கென்றே 1979-ல் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு மரபியல் பேராசிரியர் பிரையன் சைக்ஸ் தன்னுடைய ‘சைக்ஸ்’ என்ற பெயரையே எடுத்துக்கொண்டு, அந்தப் பெயர் உள்ள ஆண்களின் மரபணுவைப் பரிசோதித்தார். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, அப்பா வழியில் மட்டுமே வரும் ஒய் குரோமோசோம் ஒரே மாதிரி இருந்தது. 2000-ல் வெளியான ஆய்வு இது.

நம்ம ஊரில் கதையே வேறு. கவுண்டர், நாயக்கர், பிள்ளை, செட்டியார், ராவுத்தர் என்பதெல்லாம் லட்சக்கணக்கான பேருக்குப் பொதுவான பட்டங்கள். ஒரே பட்டத்துக்குள் பல சாதிகளும் உண்டு. கொங்குப் பக்கம் கவுண்டர் என்றால் ஒருவர், வட மாவட்டங்களில் கவுண்டர் என்றால் வேறொருவர். போதாக்குறைக்கு, 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்களில் இருந்தே பட்டம் போய்விட்டது. டர்பன்காரர் இன்றும் சுமக்கிற பட்டத்தை, இங்கே இருக்கும் அவருடைய பங்காளி எப்போதோ இறக்கி வைத்திருக்கலாம்.

கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனது எப்படி?

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் ‘ட்ரூரோ’. 1860 அக்டோபரில் சென்னையில் கிளம்பி, நவம்பர் 16-ம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. 342 பேர். 1911 வரை அடுத்தடுத்து வந்த கப்பல்களில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியர்கள் சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம். இதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்.

போனவர்களிடம் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. முத்து, ராமன், அங்கம்மாள், அவ்வளவுதான். அங்கே போன பிறகு வெள்ளைக்கார நிர்வாகம் ‘குடும்பப் பெயர் என்ன?’ என்று கேட்டது. சிலர் சாதிப் பட்டத்தைச் சொன்னார்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி அது கோவெண்டர், நாயுடூ, மூட்லி, பிள்ளே, படையாச்சி என்று பதிவானது. மேஸ்திரி வேலை பார்த்தவருடைய சந்ததிக்கு ‘மேஸ்திரி’யே குடும்பப் பெயரானதும் உண்டு. கப்பல் ஏறும்போது ஒரு சாதி, அங்கே ஒரு தலைமுறை கழித்து வேறு பட்டம் என்று மாறியவர்களும் இருக்கிறார்கள். ஊரில் மேல் கீழ் என்று அழுத்தி வைக்கப்பட்டவர்கள் கடல் தாண்டிய பிறகு அந்தச் சுமையை இறக்கி வைத்தால், அதைக் குறை சொல்ல முடியாது. தேடுபவருக்குத்தான் அது குழப்பம்.

இன்னும் சிலர் அப்பா பெயரைச் சொன்னார்கள். பெரிய சிக்கல் இங்கேதான்.

ஒரு உதாரணம். முத்துவுக்கு இரண்டு மகன்கள். ராமன் கப்பல் ஏறிவிட்டார், கருப்பன் திண்டுக்கல்லிலேயே இருந்துவிட்டார். அங்கே ‘ராமன் முத்து’ என்று எழுதினார்கள். அவருடைய மகன் ‘கண்ணன் முத்து’, பேரனும் ‘முத்து’. ஐந்து தலைமுறை ஆனாலும் முத்து தங்கிவிடுகிறது. இங்கே என்ன ஆகிறது? கருப்பன் ‘மு. கருப்பன்’. அவர் மகன் ‘க. சின்னையா’. பேரன் ‘சி. பெருமாள்’. மூன்றாவது தலைமுறையிலேயே முத்து காணாமல் போய்விட்டார். உண்மையான பங்காளிகள் இவர்கள்தான். பெயரில் மட்டும் ஒரு எழுத்துகூடப் பொருந்தாது.

அப்போ எதை வைத்துத் தேடுவது?

நம்பரை வைத்து. நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் கொடுத்தார்கள். பெயரை எத்தனை விதமாக எழுதினாலும் எண் மாறாது. கல்யாணம், பிள்ளை பிறப்பு போன்ற பிற்காலப் பதிவுகளிலும் அந்த எண்ணைக் குறித்து வைத்தார்கள். தாத்தா காலத்துத் தாள் ஒன்று பீரோவில் இருந்து, அதில் இந்த எண் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்த எண்ணைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டிய இடம் ‘கப்பல் பட்டியல்கள்’. ஆளின் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அங்க அடையாளம் வரை இதில் எழுதியிருப்பார்கள். டர்பனில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஜாய் பிரெய்ன், நேட்டாலுக்குப் போன இந்தியக் கிறிஸ்தவர்களைப் பற்றிய தன் ஆய்வுக்காக இந்தப் பட்டியல்களுக்குள் இறங்கினார். 1983-ல் புத்தகம் வந்தது. பட்டியல்களைக் கணினியில் ஏற்றும் வேலையிலும் அவருக்குப் பெரிய பங்குண்டு. சுரேந்திர பானா என்ற வரலாற்றாசிரியர் 1902 வரை போன 95 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசி 1991-ல் ஒரு ஆய்வு நூல் எழுதினார். டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் இன்றைக்கும் பலர் தேடுவது இந்தப் பட்டியல்களைத்தான்.

எண் தெரியாவிட்டால்? கிராமம், அப்பா பெயர், வயது. இந்த மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். எழுத்தை ரொம்ப நம்ப வேண்டாம். ‘முத்து’வை ஆங்கிலத்தில் இரண்டு ‘ஓ’ போட்டும் எழுதியிருப்பார்கள், ஒரு ‘யு’ போட்டும் எழுதியிருப்பார்கள், நடுவில் ‘ஹெச்’ இருந்தாலும் இருக்கும். ஒரே ஸ்பெல்லிங்கைப் போட்டுத் தேடிவிட்டு ‘இல்லை’ என்று மூடிவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு.

பெயரைவிட எண்ணை நம்புவது பழைய காலத்து விஷயம் மட்டும் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் ‘எஸ். குமார்’ தமிழ்நாட்டில் எத்தனை பேர்? யார் எழுதியது எது என்று பிரிக்க முடியாமல்தான், 2012-ல் இருந்து உலகம் முழுக்க ஆய்வாளர்களுக்கு ‘ஆர்கிட்’ என்ற 16 இலக்க எண் கொடுக்கிறார்கள்.

‘திண்டுக்கல் மாவட்டம்’னு தேடினா கிடைக்காது

திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985 செப்டம்பர் 15-ல். கப்பல்கள் ஓடிய காலத்தில் திண்டுக்கல், பழனி, நிலக்கோட்டை எல்லாம் மதுரை ஜில்லாவின் தாலுகாக்கள். ஆகவே ஜில்லா இடத்தில் ‘மதுரா’ என்றும், தாலுகா இடத்தில் ‘திண்டுக்கல்’ என்றும் தேட வேண்டும். வேடசந்தூர் அன்றைக்குத் திண்டுக்கல் தாலுகாவில் இருந்த ஊர். பக்கத்துத் தாராபுரம் கோயம்புத்தூர் ஜில்லா. எல்லையோர ஊர்க்காரர்கள் இரண்டையும் பார்ப்பது நல்லது. ‘மெட்ராஸ்’ என்று மட்டும் இருந்தால் அது சொந்த ஊராக இருக்க வேண்டும் என்பதில்லை, கப்பல் ஏறிய துறைமுகமாகவும் இருக்கலாம்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். நேட்டாலுக்குப் போனவர்களில் வட ஆற்காடு மாதிரியான வட மாவட்டத்துக்காரர்களே அதிகம். மதுரைச் சீமைக்காரர்கள் பெரும்பாலும் போனது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும்தான். அங்கே ஆவணம் இவ்வளவு தெளிவாக இருக்காது. கங்காணி ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, கூட்டமாக அழைத்துப் போனார். தனித்தனி ஆளுக்குப் பட்டியல் போட யாருக்கும் அவசியம் இல்லை. இலங்கைக்குப் போனவர்கள் கையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தகரத் துண்டு கொடுத்தார்கள். அதில் இருந்த எண்ணை வைத்து அவர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். ஆள் யார் என்று தெரியாது.

இலங்கை விஷயத்தில் உதவும் தாள்கள் பின்னால் வந்தவை. 1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் போட்ட பிறகு, இந்தியா திரும்பிய குடும்பங்களுக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். மண்டபம் முகாம் வழியாக வந்து, கொடைக்கானல் மலை வரை குடியேறிய குடும்பங்கள் உண்டு. அந்த அட்டையை இன்னமும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளில் அதுதான் தேடலின் முதல் தாள்.

தப்பான ஆளைப் பிடித்தால் என்ன நஷ்டம்?

மனசுக்கு மட்டும் இல்லை, சட்டப்படியும் நஷ்டம் வரலாம். வெளிநாட்டு இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டை, பொதுவாகப் பூட்டன் பூட்டி வரைக்கும் இந்திய வேர் காட்டினால் கிடைக்கும். மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாவது தலைமுறை வரை தருவதாக 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. டிரினிடாடுக்கு ஆறாவது தலைமுறை வரை என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். இதற்கெல்லாம் தாள் வேண்டும். ‘அதே பெயர்தான்’ என்று யாரோ ஒருவரின் பதிவை எடுத்துத் தன் பூட்டனாகக் காட்டினால், அடுத்த தலைமுறைப் பதிவோடு அது ஒட்டாது. இந்த விஷயத்தில் மொரீஷியஸ்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகளோடு, பலருடைய புகைப்படங்களும் உள்ளன.

திண்டுக்கல் பக்கம் எங்கே தேடலாம்?

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு. திண்டுக்கல்லில் அமெரிக்கன் மதுரை மிஷன் 1835-லேயே தளம் போட்டது. கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள திரு இருதயக் கல்லூரியில் இயேசு சபை மதுரை மறைமாகாணத்தின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. மதுரைச் சீமை வரலாற்றை ஆய்வு செய்பவர்கள் தேடிப் போகும் இடம் அது.

மற்றவர்களுக்குப் பழைய பத்திரம்தான் பெரிய துணை. ‘இன்ன ஊர், இன்னார் குமாரர் இன்னார்’ என்று எழுதுவது பத்திர எழுத்தர்களின் வழக்கம். அதிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அண்ணன் தம்பி எல்லோர் பெயரும் வரிசையாக வந்துவிடும். ஊரில் இல்லாத தம்பிக்கு என்ன பங்கு என்று அதில் ஒரு வரி இருந்தால், அவர் எங்கே போனார் என்ற கேள்விக்கு அது ஒரு தொடக்கம்.

இதையெல்லாம்விட நம்ம ஊரில் பங்காளியை அடையாளம் காண ஒரு பழைய கேள்வி உண்டு: “உங்க குலதெய்வம் எது?” பட்டம் போகும், இனிஷியல் மாறும். குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கிற குடும்பங்கள் யார் யார் என்று அங்கே உள்ள பெரியவர்களுக்குத் தெரியும். வரி நோட்டு வைத்திருக்கும் கோயில்களும் உண்டு. கடல் தாண்டிப் போன குடும்பங்களில் ஊர் பெயர் மறந்துபோன பிறகும், வருஷா வருஷம் கும்பிடுகிற சாமியின் பெயர் மட்டும் பாட்டி வாயில் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

ஆகவே அந்த டர்பன் மெசேஜுக்கு இப்படிப் பதில் போடலாம்: “உங்க பட்டம் இருக்கட்டும்ங்க. கப்பல்ல வந்தவரோட நம்பர் தெரியுமா? அவரு அப்பா பேரு, ஊரு பேரு என்ன? வீட்டுல எந்தச் சாமியைக் கும்பிடுறீங்க?”