டாலரைப் பச்சையாக்கிய கேமரா

1850களில் நியூயார்க் கடைக்காரரிடம் முன்பின் தெரியாத ஒருவர் ஐந்து டாலர் நோட்டை நீட்டினால், அவர் அதை அப்படியே கல்லாவில் போட்டுவிட மாட்டார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துப் புரட்டுவார். இது எந்த ஊர் வங்கி, இன்னும் திவாலாகாமல் இருக்கிறதா, அதன் பெயரில் என்னென்ன கள்ளநோட்டுகள் உலவுகின்றன, அவற்றில் எந்த எழுத்து பிசகியிருக்கும் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். ஜான் தாம்சன் நடத்திய இதழ் இந்த வகையில் பேர்போனது.

அன்றைய அமெரிக்காவில் அரசு காகித நோட்டு வெளியிடவில்லை. மாநிலங்களில் உரிமம் பெற்ற ஏறத்தாழ 1,600 வங்கிகள் தத்தம் விருப்பப்படி அச்சடித்துக்கொண்டன. ஆயிரக்கணக்கான வடிவங்களை யாரால் நினைவில் வைத்திருக்க முடியும்? இல்லாத வங்கியின் பெயரில் நோட்டு அடித்தவர்கள்கூடக் காசு பார்த்தார்கள்.

நல்ல நோட்டைக் காப்பதற்கு முதலில் நம்பப்பட்டது செதுக்குவேலைதான். ஜேக்கப் பெர்கின்ஸ் செப்புக்குப் பதில் எஃகுத் தகடுகளைப் புகுத்தினார். கைக்கு எட்டாத நுணுக்கத்தில் வளைகோடுகளைப் பின்னும் கடைசல் இயந்திரங்களும் வந்தன. கையால் செதுக்கும் கள்ளனுக்கு இவை பெரும் தடை. ஆனால் புகைப்படம் பரவியதும் அவனுக்குச் செதுக்கவே தேவையில்லாமல் போனது. எத்தனை நுண்ணிய கோடானாலும் கேமரா நொடியில் பிடித்துவிடும்.

சரி, வண்ணம் சேர்த்துப் பார்ப்போம் என்று வங்கிகள் யோசித்தன. அக்காலப் புகைப்படத் தகடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும்; சிவப்பும் மஞ்சளும் அதற்குக் கறுப்புதான். அதனால் வண்ணப் பூச்சும் கறுப்புக் கோடுகளும் படத்தில் ஒன்றாகக் குழம்பிவிடும். கள்ளனும் சளைக்கவில்லை. கறுப்பு மை கரியால் ஆனது, எந்த ரசாயனத்துக்கும் அசையாது. வண்ண மையோ எளிதில் கரையும். வண்ணத்தைக் கழுவிவிட்டு, எஞ்சிய கறுப்பைப் படமெடுத்து, அச்சடித்த பின் வண்ணத்தைத் திரும்பப் பூசிக்கொண்டான்.

ஆக, தேவைப்பட்டது கறுப்பைப் போலவே பிடிவாதமான ஒரு வண்ணம். மான்ட்ரியல் வேதியியலாளர் தாமஸ் ஸ்டெரி ஹன்ட் அதைக் குரோமியம் ஆக்சைடில் கண்டார். 1857இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. இந்தப் பச்சைப் பொடியில் குரோமிய, ஆக்சிஜன் அணுக்கள் மாணிக்கக் கல்லின் அதே படிக அமைப்பில் இறுகிக் கிடக்கின்றன. அமிலம், காரம் எதை ஊற்றினாலும் மசியாது. பச்சையை அழிக்க முயன்றால் கூடவே காகிதமும் போய்விடும். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1861இல் அரசே நோட்டு அடித்தபோது அதன் பின்புறம் பச்சையில் வந்தது; மக்கள் அதைப் ‘பச்சை முதுகு’ என்றே அழைத்தார்கள். கள்ளநோட்டுக்காரர்களைப் பிடிக்கவென்றே 1865இல் சீக்ரெட் சர்வீஸ் பிறந்தது. அதிபருக்குக் காவல் நிற்கும் வேலை அதற்கு வந்ததெல்லாம் பிற்பாடுதான்.

கேமராவையும் தகட்டையும் ஒதுக்கிவிட்டு, பேனாவும் தூரிகையும் மட்டும் கொண்டு ஐம்பது, நூறு டாலர் நோட்டுகளை வரைந்தே ஏமாற்றியவர் இமானுவேல் நிங்கர். நியூ ஜெர்சியில் குடியேறிய ஜெர்மானியர். காகிதத்தை நீர்த்த காபியில் நனைத்துப் பழசாக்குவார். நோட்டுத்தாளில் பதிந்திருக்கும் பட்டு இழைகளைக்கூடக் கோடுகளாக வரைவார். 1896இல் ஒரு மதுக்கடையில் அவர் கொடுத்த நோட்டு ஈர மேசையில் பட, மை கடைக்காரர் விரலில் ஒட்டிக்கொண்டது. அச்சு மை எண்ணெயில் குழைத்தது, காய்ந்தால் தண்ணீருக்கு இளகாது. நிங்கரின் மை அப்படிப்பட்டதல்ல.

கண்ணை ஏய்க்கக் கைத்திறன் போதும். எது எதில் கரையும் என்ற வேதியியலை ஏய்க்க அது போதாது. டாலரைக் காத்த பச்சைக்கும் நிங்கரைக் காட்டிக்கொடுத்த ஈரத்துக்கும் பின்னால் இருந்தது அந்த ஒரே கணக்குதான்.