உங்களுக்குத் தெரியுமா? பத்து நிமிஷ மூச்சு
கதையே பிரதானமான சாகச வீடியோ விளையாட்டுகளில், நாயகன் அடிக்கடி மாண்டுபோவதும், எப்போதோ எடுக்க மறந்த ஓர் அற்ப வஸ்துவினால் பிற்பாடு வழியே அடைபட்டுப்போவதும் சர்வ சாதாரணமாயிருந்த காலத்தில், அக்குறைகளைக் கண்டித்து 1989-இல் கட்டுரை வரைந்த அமெரிக்கர் ரான் கில்பர்ட், மறு வருஷமே வெளியான தமது ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாட்டில், மரண பயமின்றி எங்கும் சஞ்சரித்து, எதிர்ப்பட்டவரிடமெல்லாம் வாய்கொடுத்துப் பார்க்கும் சுதந்திரத்தை விளையாடுவோருக்கு அளித்தார். அதிலே வாட்போரில் ஜயிப்பதும் கைவேகத்தாலன்று, வசைக்குத் தக்க மறுவசை உரைக்கும் சாதுரியத்தாலேதான்!

ஆயினும் அந்த மரண பயமின்மைக்கு ஒரு விலக்கு உண்டு. பத்து நிமிஷம் மூச்சடக்கவல்லேன் என்று பெருமை பேசும் நாயகன் கைப்ரஷ், சிலையொன்றோடு பிணைக்கப்பட்டுக் கடலடியில் கிடக்கும் கட்டத்தில், ஆட்டக்காரர் அந்தப் பத்து நிமிஷமும் வாளாவிருந்தால், மெய்யாகவே மாண்டுபோவான். தப்பும் வழியோ, அச்சிலையைக் கையிலெடுத்துக்கொண்டு நடந்துவிடுவதுதான்!