பதில் சொல்லும் லூசில்

ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்கின் ‘கிங் ஆஃப் தி ப்ளூஸ்’ தொகுப்பு 1992இல் வந்தது. நான்கு குறுந்தகடுகள், 1949இல் தொடங்கும் ஒலிப்பதிவுகள். திருவனந்தபுரம் கரமனையில் வீணை பழகி வளர்ந்த எனக்கு அவரது கிட்டார் வாசிப்பு சட்டென்று பிடிபட்டது. வீணையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரத்தைத் தொடுவோமே, அதையேதான் எலெக்ட்ரிக் கிட்டாரில் அவரும் செய்கிறார். தொட்ட இடத்தில் விரலை அசைத்து, ஸ்வரத்தை நடுங்கவிடுகிறார். பாடும்போது கிட்டாரை மீட்டமாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார். லூசில் பதில் சொல்லும். அவர் தன் கிட்டாருக்கு வைத்த பெயர் அது. 1969இல் பதிவான ‘தி த்ரில் இஸ் கான்’ பாட்டில் பின்னணியாக வயலின்கள் படர்கின்றன. அதைத் தேடிப் போகும் அவசரத்தில் முதல் தகட்டைத் தள்ளிவிடாதீர்கள். இளமைக் குரலின் முரட்டு வேகம் அதில்தான் இருக்கிறது.