கம்ப்யூட்டருக்குத் தாத்தா, தறி!

பல்லடத்து டீக்கடைச் சிரிப்பும், சிந்தனையும்

பல்லடம் என்றதும் இரண்டு சத்தம் காதில் கேட்கும்.

ஒன்று, "டக்... டக்..." என்று ஓடும் விசைத்தறியின் சத்தம்.

மற்றொன்று, "கொக்... கொக்..." என்று கத்தும் கோழியின் சத்தம்.

இப்போது மூன்றாவதாக ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

"இருபது ரூபாய் பெறப்பட்டது!"

டீக்கடையில் இருக்கும் சின்னப் பெட்டி போடும் கூச்சல் இது! டீ குடித்தவர் போனை எடுத்துக் காட்டுகிறார். பணம் ஒரு பாங்கியில் இருந்து இன்னொரு பாங்கிக்குப் போகிறது. உடனே பெட்டி கூவுகிறது. 2016-ம் ஆண்டில் வந்த "யு.பி.ஐ." என்ற ஏற்பாடு இது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மட்டும் இந்தியாவில் 1,000 கோடி தடவைக்கு மேல் இப்படிப் பணம் கை மாறியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு.

"பெட்டி எப்படிங்கண்ணா?" என்று ஒருவர் கேட்டாராம்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. பணம் வந்தால் கத்துது. கடன் சொல்லிட்டுப் போறவனைப் பார்த்துக் கத்தற பெட்டி எப்போ வருமுங்க?" என்றாராம் கடைக்காரர்!

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம், இரண்டு பேரைத் தவிர!

மறக்க முடியாத ரகசியம்

இன்னொரு கதை.

பேரன், அம்மாயிக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். "அம்மாயி! போனுக்கு ஒரு ரகசியச் சொல் வைக்கணும். உங்களுக்கு மறக்கவே மறக்காத ஒன்றாகச் சொல்லுங்க" என்றான்.

அம்மாயி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"உங்க அப்புச்சி என் அட்டிகையை அடகு வைச்ச தேதியைப் போட்டு வை கண்ணு!" என்றாள்.

இப்போது "ஏ.ஐ." என்ற செயற்கை அறிவைப் பற்றியும் பேச்சு வந்துவிட்டது. கேட்டதற்கு எல்லாம் பதில் சொல்லும் கம்ப்யூட்டர்! 2022-ம் ஆண்டு நவம்பரில் "சாட்ஜி.பி.டி." வந்த பிறகு, இந்தப் பேச்சு எட்டாத ஊர் இல்லை.

"அதுக்கு எல்லாம் தெரியுமாமுங்க!"

"அப்படீங்களா? அறுந்து போன பாவு நூலைக் கட்டச் சொல்லுங்க, பார்க்கலாம்!"

"கோழி முந்தியா, முட்டை முந்தியான்னு கேட்டேனுங்க. ரெண்டு பக்கம் பதில் சொல்லுச்சு!"

"அது கிடக்கட்டும். நாளைக்குக் கறிக்கோழி என்ன விலைன்னு கேட்டீங்களா?"

இந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. கறிக்கோழியின் பண்ணை விலையைத் தினமும் அறிவிக்கும் ஒருங்கிணைப்புக் குழு இருப்பது பல்லடத்தில்தான். நாமக்கல்லுக்கு முட்டை விலை எப்படியோ, அப்படிப் பல்லடத்துக்குக் கறிக்கோழி விலை!

சரி, சிரித்தது போதும். இப்போது ஒரு விந்தையைக் கேளுங்கள்.

பல்லடத்துக்காரருக்குக் கம்ப்யூட்டர் அந்நியம் அல்ல. உறவு! கம்ப்யூட்டருக்குத் தாத்தா யார் தெரியுமா? தறி!

துளை போட்ட அட்டை

பிரான்சு நாட்டில் லியோன் என்று ஒரு நகரம். பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர்.

துணியில் பூ வேண்டும் என்றால், ஒவ்வொரு ஊடை நூல் போகும்போதும் குறிப்பிட்ட பாவு நூல்களை மட்டும் தூக்க வேண்டும். அதற்காகத் தறிக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்று கயிறு இழுப்பான். நாள் முழுவதும் இதே வேலை!

1804-ம் ஆண்டில் ஜக்கார்டு என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அட்டையில் துளை போட்டார். துளை இருந்தால் நூல் மேலே போகும். துளை இல்லாவிட்டால் நூல் அப்படியே இருக்கும். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோத்து மாலை போல் தொங்கவிட்டார். பையன் இல்லாமலே பூ விழுந்தது!

பூ வேலை செய்யும் தறிகளில் "ஜக்கார்டு பெட்டி" என்று சொல்கிறோமே, அது இந்த ஆசாமியின் பெயர்தான்.

பின்னர் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24 ஆயிரம் அட்டைகள் தேவைப்பட்டன!

அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை இங்கிலாந்து நாட்டுக் கணித மேதை பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் காட்டுவார். "அட்டையால் பூப் போட முடியும் என்றால், அட்டையால் கணக்குப் போட முடியாதா?" இந்த யோசனையைக் கொண்டதுதான், 1830-களில் அவர் திட்டம் போட்ட கணக்கு எந்திரம். 1871-ல் அவர் இறக்கும் வரை அதைக் கட்டி முடிக்க முடியவில்லை. ஆனால் யோசனை சாகவில்லை.

அமெரிக்காவில் 1880-ல் எடுத்த மக்கள் கணக்கைக் கூட்டி முடிக்க ஏறத்தாழ 8 ஆண்டு ஆயிற்று! 1890-ல் ஹோலரித் என்பவர் துளை அட்டையையும், அதைப் படிக்கும் எந்திரத்தையும் கொண்டுவந்தார். வேலை வெகு சீக்கிரம் முடிந்தது. அவருடைய கம்பெனி, வேறு கம்பெனிகளோடு சேர்ந்து, 1924-ல் "ஐ.பி.எம்." என்று பெயர் பெற்றது.

1955-ல் இந்தியாவுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகம் அதை இங்கிலாந்தில் இருந்து வரவழைத்தது. 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்த கம்ப்யூட்டருக்கு, மாணவர்கள் அட்டையில் துளை போட்டுத்தான் கணக்குக் கொடுத்தார்கள்.

துளை இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் பூஜ்யம். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனும் இந்த ஒன்று, பூஜ்யம் கணக்கில்தான் ஓடுகிறது!

பூச்சி பிடித்த எந்திரம்

கம்ப்யூட்டரில் கோளாறு வந்தால் "பக்" என்கிறார்கள். ஆங்கிலத்தில் பூச்சி என்று அர்த்தம். கோளாறுக்கு இந்தப் பெயர் முன்பே உண்டு. ஆனால் 1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் கோளாறு செய்தபோது, திறந்து பார்த்தார்கள். உள்ளே உண்மையாகவே ஓர் அந்துப் பூச்சி! அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். குறிப்பேடு இன்றும் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

1977-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் சகுந்தலா தேவி, 201 இலக்க எண் ஒன்றுக்கு 23-வது மூலத்தை மனக்கணக்காகச் சொன்னார். எடுத்துக்கொண்ட நேரம் 50 விநாடி! அதே கணக்குக்கு "யுனிவாக்" கம்ப்யூட்டர் 62 விநாடி எடுத்துக்கொண்டது என்று செய்தி வந்தது. இன்றைய கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் போட்டுவிடும். ஆனாலும் அந்த 12 விநாடி நமக்கு இனிக்கத்தான் செய்கிறது!

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி நடந்தது இன்னும் பெரிய வேடிக்கை. கம்ப்யூட்டர்களைக் காவல் காக்க வேண்டிய ஒரு மென்பொருளில் பிழை. உலகம் எங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில், பயணிகளுக்குப் பேனாவால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்! காவல்காரனே வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்த கதை!

வேலை போகுமா?

"எல்லாம் சரிங்க. இந்த ஏ.ஐ. வந்தால் நம்ம வேலை போகுமா?"

இதுதான் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி. படித்து முடித்த மகன் இருக்கும் வீட்டில், அப்பாவுக்கு இதை நினைத்துத் தூக்கம் வருவது இல்லை.

லியோன் நெசவாளர்கள் ஜக்கார்டு தறியை எதிர்த்தார்கள். 1811, 1812-ம் ஆண்டுகளில் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் எந்திரங்களை உடைத்தார்கள். 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று போராடினார்கள். 1983-ல் பாங்கி ஊழியர் சங்கங்கள் பேச்சு நடத்தி, ஒப்பந்தம் போட்ட பிறகே பாங்கிக்குள் கம்ப்யூட்டர் முறையாக நுழைந்தது.

இவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களா? இல்லை! அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. கைத்தறியில் இருந்து விசைத்தறி, விசைத்தறியில் இருந்து நாடா இல்லாத் தறி என்று மாறியதைப் பல்லடம் கண்ணால் பார்த்தது. தறியின் வேகம் ஏறியது. ஒரு தறிக்கு வேண்டிய ஆள் குறைந்தது. சில குடும்பங்கள் உயர்ந்தன. சில குடும்பங்கள் தறியை எடைக்குப் போட்டன.

புதுத் தொழிலும் வந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துச் சென்னைக்கும், பெங்களூருக்கும் போனார்கள். ஆனால் பழைய வேலை போனவருக்கே புது வேலை கிடைப்பது இல்லையே! தகப்பன் இழந்ததை மகன் பெறுகிறான். நடுவில் சில ஆண்டுகள் அந்த வீட்டில் கஷ்டம். இதை மறந்துவிட்டு, "எந்திரம் வந்தால் எல்லோருக்கும் நன்மை" என்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

சதுரங்கத்தைப் பாருங்கள். 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவைக் கம்ப்யூட்டர் தோற்கடித்தது. "இனிச் சதுரங்கம் அவ்வளவுதான்" என்றார்கள். 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ், 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது, தமிழ்நாடே கை தட்டியது. மனிதன் ஆடினால்தானே பார்க்க ஆசை!

ஆளா? எந்திரமா?

1966-ல் வைசன்பாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பேச்சுக் கொடுக்கும் கம்ப்யூட்டர் மென்பொருள் ஒன்றை அறிமுகப்படுத்தினார். பெயர் "எலிசா". "எனக்கு மனசு சரியில்லை" என்றால், "மனசு ஏன் சரியில்லை?" என்று திருப்பிக் கேட்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்!

அவருடைய காரியதரிசி அதோடு பேச உட்கார்ந்தார். சிறிது நேரத்தில், "கொஞ்சம் வெளியே போகிறீர்களா? நாங்கள் தனியாகப் பேச வேண்டும்" என்றார்! பேராசிரியர் திடுக்கிட்டார்.

இன்றைய ஏ.ஐ. மிகப் பெரிய கெட்டிக்காரன். ஏராளமான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணக்குப் போடுகிறது. பதில் வழவழ என்று வரும். ஆனால் அது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே குரலில் சொல்லும்!

சிரிப்பு நின்ற இடம்

2020-ம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களை நினைத்துப் பாருங்கள். "கோழி தின்றால் கொரோனா வரும்" என்று போனில் ஒரு வதந்தி பரவியது. "அப்படி இல்லை" என்று அரசாங்கம் அறிவித்தது. கேட்பார் இல்லை! நாடு முழுவதும் கறிக்கோழி விலை சரிந்தது. கர்நாடகத்தில் ஒரு பண்ணைக்காரர், வாங்க ஆள் இல்லாமல், ஆயிரக்கணக்கான கோழிகளை உயிரோடு குழியில் போட்டு மூடினார்.

கோழி வளர்ப்பு எப்படி நடக்கிறது? குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, தண்ணீர், உழைப்பு குடும்பத்தினுடையது. கிடைப்பது வளர்ப்புக் கூலி. கூலித் தறியும் இப்படித்தானே! நூல் ஒருவருடையது, தறி இன்னொருவருடையது. விற்பனை நின்றால் அடுத்த குஞ்சு வராது. கொட்டகை காலி. கடன் மட்டும் காலி ஆகாது!

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் இன்னொரு சோதனை. "தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள்" என்று சில படங்கள் போனில் ஓடின. அவை பொய் என்று போலீஸ் சொன்னது. ஒன்று, வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. மற்றொன்று, உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை! ஆனாலும் திருப்பூர் வட்டாரத் தொழிலாளர்கள் பயந்தார்கள். ஊரில் தாய்மார்கள் அழுதார்கள். பீகார் அரசாங்கமே அதிகாரிகளை இங்கே அனுப்பி விசாரித்தது.

இப்போது "டிஜிட்டல் கைது" என்று ஒரு மோசடி. போனில் போலீஸ் உடை போட்ட ஆள் தோன்றுவான். "உங்கள் மீது வழக்கு. அறையை விட்டு நகராதே. பணத்தை அனுப்பு" என்பான். போனில் கைது செய்வது என்பது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது! 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்லி எச்சரித்தார். பெற்ற மகன் குரலில் பேசிப் பணம் கேட்கவும் இப்போது எந்திரம் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி

என்ன செய்வது?

மிரட்டினால் போனை வைத்துவிடுங்கள். மகன் குரலில் பணம் கேட்டால், மகனுடைய பழைய நம்பருக்கு நீங்களே பேசுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற நம்பருக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

ஒரு செய்தி வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் கொஞ்சம் நில்லுங்கள். தறிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பூ தப்பாக விழுந்தால் அவர் தறியைத் திட்டமாட்டார். அட்டையைத்தான் எடுத்துப் பார்ப்பார்!

அதுபோல நாமும் கேட்போம்:

"இந்த அட்டையில் துளை போட்டது யார்?"